எள்ளளவு பிராணிக்கு எதற்கு ஒரு பெயர்?

காலில் சேறு பட்டால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளிக்கிறோம். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போகிறோம். சேற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால், அதே சேற்றை வேலை மெனக்கெட்டு அள்ளி வந்து, சல்லடையில் போட்டு அலசி, அதில் தங்கியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள்!

பார்த்துவிட்டு என்ன செய்கிறார்கள்? இதுவரை யாரும் கண்டிராத பிராணி ஒன்று அகப்பட்டால், அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது, எதற்கு உறவு என்று எழுதி வைக்கிறார்கள்.

"இவர்களுக்கு வேறு வேலை இல்லையா? எள்ளளவு பூச்சிக்குப் பெயர் வைத்தால் அரிசி விலை குறையுமா?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். இத்தகைய ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணத்தில் மக்களின் வரிப்பணமும் இருக்கிறது. ஆகவே, கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல வேண்டியது கடமை.

அந்தப் பதில் ஓர் உண்மைச் சம்பவத்தில் இருக்கிறது.

கடலடியில் ஒரு கணக்கெடுப்பு

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்ற நீண்ட தீவு இருக்கிறது. அந்தத் தீவுக்கும், வடக்கே உள்ள கனெக்டிகட் மாநிலத்தின் கரைக்கும் நடுவே ஒரு ஜலசந்தி ஓடுகிறது. அதன் அடியில் பல இடங்களில் மெத்தை போல மென்மையான சேறு படிந்து கிடக்கிறது.

1952-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை யேல் பல்கலைக்கழகத்தார் இந்த ஜலசந்தியை ஆராய்ந்தார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பலர் பல வேலைகளைச் செய்தார்கள். கடலடிச் சேற்றில் வாழும் பிராணிகளைக் கணக்கெடுக்கும் வேலையைச் செய்தவர் ஹோவர்ட் சாண்டர்ஸ். அப்போது அவர் டாக்டர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர் என்ன செய்வார்? வீடு வீடாகப் போவார். பெரியவர், சிறியவர், கைக்குழந்தை என்று ஒருவரையும் விடாமல் எழுதிக்கொள்வார். சாண்டர்ஸும் அப்படித்தான் செய்தார். இங்கே வீடு என்பது ஓர் அள்ளு சேறு. அதை அலசினால் புழுக்கள், சிப்பிகள், இறால் போன்ற சிறு பிராணிகள் ஆகியவை வரும். ஒவ்வொன்றையும் இனம் பிரித்து எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது, எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பிராணி தென்பட்டது!

விசித்திரமான உருவம்

அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஓர் எள்ளின் நீளம். ஆனால் எள்ளைப் போலப் பருமன் இல்லை. நூல் துண்டு போல ஒல்லியான உடல். வெளுத்த நிறம்.

தலையின் மேல் குதிரை லாடம் போல ஒரு மூடி. அதற்குப் பின்னால் ஏறக்குறைய இருபது வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போன்ற உடல். முன் வளையங்களில் கால்கள் உண்டு. பின் வளையங்களில் கால் இல்லை. வால் நுனியில் இரண்டு நீண்ட முடிகள். வெளியே தெரியும்படி கண் என்று எதுவும் இல்லை.

அதன் கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். சேற்றில் உள்ள மக்கிய துகள்களை வயிற்றுப் பக்கத்துப் பள்ளம் வழியாக முன்னுக்குத் தள்ளி வாயில் சேர்க்கும். சாப்பாடும் அதுதான், நடையும் அதுதான்.

ஆண் வேறு, பெண் வேறு கிடையாது. ஒரே உடலில் இரண்டும் உண்டு. முட்டையும் ஆயிரக்கணக்கில் இடுவதில்லை. ஒரு தடவைக்கு இரண்டே முட்டை! அந்த இரண்டையும் தன் உடம்பிலேயே ஒட்ட வைத்துக்கொண்டு சுமந்து திரியும்.

இது என்ன பிராணி?

மீசையை எண்ணிப் பாருங்கள்

நண்டு, இறால், சிங்கி இறால், கூனி எல்லாம் ஒரே பெருங்குலம். உடலின் மேல் ஓடு. கணுக்கணுவான கால்கள். இவற்றோடு இன்னொரு முக்கியமான அடையாளமும் உண்டு. அது மீசை.

கரப்பான் பூச்சிக்கு ஒரு ஜோடி மீசைதான் இருக்கும். அடுத்த முறை வீட்டில் இறால் வாங்கினால், உரிப்பதற்கு முன் தலைப்பக்கம் கொஞ்சம் கவனியுங்கள். இறாலுக்கு இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. ஒரு ஜோடி நீளம். இன்னொரு ஜோடி குட்டை. இரண்டு ஜோடி இருந்தால் அது நண்டு, இறால் குலம் என்பது பொதுவான அடையாளம்.

சாண்டர்ஸ் கண்ட பிராணிக்கும் இரண்டு ஜோடி மீசைகள் இருந்தன. ஆகவே குலம் தெரிந்துவிட்டது. ஆனால், இந்தப் பெருங்குலத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை இன்று விஞ்ஞானிகள் அறிந்திருக்கிறார்கள். அவற்றில் இது எந்தக் கிளை?

இங்கேதான் சங்கடம் வந்தது. எந்தக் கிளையிலும் அது பொருந்தவில்லை.

முக்கியமான வித்தியாசம் வாயில் இருந்தது. இறாலின் வாயைச் சுற்றித் தாடைகள் பல ஜோடி இருக்கின்றன. அவை ஒரு மாதிரி. நடக்கும் கால்கள் வேறு மாதிரி. பார்த்தவுடனே இது தாடை, இது கால் என்று சொல்லிவிடலாம். இந்தப் பிராணிக்கோ, கடைசி ஜோடித் தாடையும் அதற்குப் பின்னால் உள்ள கால்களும் ஒரே அச்சில் அறுத்த செங்கல் போல ஒன்றாகவே இருந்தன!

இதற்கு என்ன அர்த்தம்? தாடையும் ஒரு காலத்தில் காலாக இருந்ததுதான். பல கோடி ஆண்டுகளில் சில பிராணிகளிடம் முன்கால்கள் மாறி மாறித் தாடையாகிவிட்டன. இந்தப் பிராணியிடம் அந்த மாற்றம் பாதியில் நிற்கிறது. பழைய வீட்டில் தாத்தா காலத்துக் கதவு மாறாமல் இருப்பது போல.

முகவரி இல்லாத கடிதம்

ஒரு கடிதம் நம் வீட்டுக்கு எப்படி வந்து சேருகிறது? முகவரி சரியாக இருந்தால் வருகிறது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, கதவு எண். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது.

உயிர்களுக்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. பெருங்குலம், வகுப்பு, குடும்பம் என்று இறங்கி வந்து, கடைசியில் இரண்டு படிகள். ஒன்று பேரினம். அது தெரு. மற்றொன்று இனம். அது கதவு எண்.

சிங்கம், புலி, சிறுத்தை மூன்றும் ஒரே தெருவில் குடியிருப்பவை. பாந்தெரா என்பது அவற்றின் பேரினப் பெயர். பாந்தெரா லியோ என்றால் சிங்கம். பாந்தெரா டைகிரிஸ் என்றால் புலி. பாந்தெரா பார்டஸ் என்றால் சிறுத்தை. நம் வீட்டுப் பூனை அதே ஊர்தான். ஆனால் தெரு வேறு.

புதிய பிராணி ஒன்று அகப்பட்டால், பெரும்பாலும் பழைய தெருவிலேயே ஒரு புதிய வீடு கட்டினால் போதும். அபூர்வமாகப் புதிய தெருவே போட வேண்டி வரும். சாண்டர்ஸுக்கு அதுவும் போதவில்லை. புதிய மாவட்டத்தையே உண்டாக்க வேண்டியிருந்தது!

அவசரப்பட்டு இதைச் செய்துவிட முடியாது. எள்ளளவு உடலிலிருந்து ஒவ்வொரு காலையும் மெல்லிய ஊசியால் பிரித்தெடுக்க வேண்டும். காலில் எத்தனை கணு, கணுவில் எத்தனை முடி என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றையும் படமாக வரைய வேண்டும். உலகத்தில் வேறு யாராவது இதை முன்பே கண்டு எழுதியிருக்கிறார்களா என்று பழைய ஏடுகளை எல்லாம் புரட்ட வேண்டும். ஒரு முடியைத் தவறாக எண்ணினாலும் பின்னால் வருகிறவர் பிடித்துவிடுவார்.

1955-ம் ஆண்டு, அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் ஏட்டில் சாண்டர்ஸ் தமது முடிவை வெளியிட்டார். ஒரு புதிய இனம், ஒரு புதிய பேரினம், அவற்றுக்கு மேல் ஒரு புதிய துணை வகுப்பு ஆகிய மூன்றையும் ஒரே பிராணிக்காக ஏற்படுத்தினார். துணை வகுப்புக்கு செபலோகாரிடா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் தலை, இறால் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர்.

பெயர் வைக்கவும் சட்டம் உண்டு

நம் குழந்தைக்கு நமக்குப் பிடித்த பெயரை வைக்கிறோம். ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தாலும் பரவாயில்லை. 'கடைக்கார முருகன்', 'மாடி வீட்டு முருகன்' என்று சமாளித்துக்கொள்கிறோம். பிராணிகளின் பெயர் விஷயத்தில் அது நடக்காது.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் வகுத்த இரட்டைப் பெயர் முறை 1758-ம் ஆண்டிலிருந்து பிராணிகளுக்கு வழக்கில் இருக்கிறது. முதல் பெயர் பேரினம். இரண்டாவது பெயர் இனம். அதற்கென்று சர்வதேச விதிகள் உண்டு. ஒரு பேரினத்துக்கு வைத்த பெயரைப் பிராணி உலகத்தில் வேறு எந்தப் பேரினத்துக்கும் வைக்கக்கூடாது. ஒரே பிராணிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், பொதுவாக முதலில் வெளியிட்டவர் வைத்ததே நிற்கும்.

எந்த உடலைப் பார்த்துப் பெயர் வைக்கப்பட்டதோ, அந்த உடலைப் பத்திரப்படுத்தி வைப்பதும் முறை. கடைக்காரரின் எடைக்கல்லில் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறோம்? சர்க்கார் முத்திரை போட்ட கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மியூசியத்தில் பாட்டிலுக்குள் இருக்கும் அந்த மாதிரி உடலும் முத்திரைக் கல் போன்றது. நூறு ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தாலும் எடுத்து ஒப்பிடலாம்.

ஆசிரியர் பெயர், மாணவர் பெயர்

சாண்டர்ஸ் தம் பிராணிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ஹட்சின்ஸோனியெல்லா மாக்ரகாந்தா!

வாயில் நுழையவில்லையா? அர்த்தம் தெரிந்தால் நுழைந்துவிடும். மாக்ரகாந்தா என்றால் பெரிய முள் உடையது. ஹட்சின்ஸோனியெல்லா என்பது ஓர் ஆசிரியரின் பெயர்.

யேல் பல்கலைக்கழகத்தில் சாண்டர்ஸுக்கு ஆசிரியராக இருந்தவர் ஈவ்லின் ஹட்சின்ஸன். ஏரி, குளங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். 1932-ம் ஆண்டு யேல் குழு ஒன்றுடன் இந்தியாவுக்கு வந்து, இமயமலைக்கு அப்பால் லடாக்கில் உள்ள ஏரிகளை ஆராய்ந்தவர். மாணவர் தாம் கண்ட முதல் அதிசயத்துக்கு அந்த ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். கடைசியில் வரும் 'எல்லா' என்ற லத்தீன் ஒட்டுக்குச் 'சின்னஞ்சிறு' என்று பொருள். 'குட்டி ஹட்சின்ஸன்' என்று செல்லமாக அழைப்பது போல!

கதை அதோடு நிற்கவில்லை. புதிய மாவட்டம் ஒன்று இருப்பது தெரிந்ததும், மற்ற நாட்டு விஞ்ஞானிகளும் தங்கள் சேற்றைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1961-ல் கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் இரண்டாவது பேரினம் அகப்பட்டது. மெரிடித் ஜோன்ஸ் அதற்கு லைட்டியெல்லா செரெண்டிபிட்டா என்று பெயர் வைத்தார். லைட் என்பவர் கலிபோர்னியாவின் விலங்கியல் பேராசிரியர். செரெண்டிபிட்டா என்பது 'எதிர்பாராமல் கிடைத்த நன்மை' என்ற பொருள் உள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? செரந்தீப்பிலிருந்து. அரபு வணிகர்கள் இலங்கைக்கு வழங்கிய பழைய பெயர் அது. சான்பிரான்சிஸ்கோ சேற்றில் நெளியும் பிராணியின் பெயருக்குள் இலங்கைத் தீவு ஒளிந்திருக்கிறது!

1965-ல் ஜப்பான் கடலோரத்தில் மூன்றாவது பேரினம் கிடைத்தது. ஷீனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதற்கு வைத்த பெயர் சாண்டர்ஸியெல்லா. ஆம், ஆசிரியருக்குப் பெருமை சேர்த்த மாணவரின் பெயர்! உலக யுத்தத்தில் ஜப்பானும் அமெரிக்காவும் ஒன்றையொன்று குண்டு வீசித் தாக்கி முடித்து 20 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு ஜப்பானியர், தம் நாட்டுக் கடலில் கிடைத்த உயிருக்கு ஓர் அமெரிக்கரின் பெயரைச் சூட்டினார். விஞ்ஞானத்தில் பகை நீண்ட நாள் நிற்பதில்லை.

1977-ல் நியூசிலாந்தில் நான்காவது. அந்நாட்டின் பழம்பெரும் விஞ்ஞானி சார்ல்ஸ் சில்டன் நினைவாக அது சில்டோனியெல்லா ஆயிற்று. ஒடிசாவில் உள்ள சில்கா ஏரியின் சிறு ஓட்டுப் பிராணிகளைப் பற்றி 1921-ல் எழுதியவர் இந்தச் சில்டன்தான். 2000-ம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஐந்தாவது பேரினம் வந்தது.

ஐந்து தெருக்கள். பத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகள். இந்த மாவட்டத்தின் மொத்தக் குடித்தனம் இவ்வளவுதான். 1955-க்கு முன் இந்த மாவட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால், அது அதுவரை இல்லாமல் இருந்ததா? மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

தவறைத் திருத்தும் துணிவு

தமது பிராணியே நண்டு, இறால் குலம் முழுவதற்கும் ஆதித் தாய்க்கு மிக நெருக்கமானது என்று சாண்டர்ஸ் கருதினார். தாடையும் காலும் ஒன்றாக இருந்ததே அவர் காட்டிய முக்கிய சாட்சி. பலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் மறுத்தார்கள். வாதம் பல ஆண்டுகள் நடந்தது.

பிறகு புதிய கருவிகள் வந்தன. உயிர்களின் உடலில் உள்ள மரபணுக்களை எழுத்துக் கூட்டிப் படிக்க விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டார்கள். 2017-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி ஆச்சரியமான முடிவைச் சொன்னது. பூச்சிகளே நண்டு, இறால் குலத்துக்குள் இருந்து கிளைத்தவையாம்! ஈ, எறும்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் எந்தப் பெருங்கிளையில் வருகின்றனவோ, அதே பெருங்கிளையில்தான் ஹட்சின்ஸோனியெல்லாவும் இருக்கிறது. மரத்தின் அடிவேரில் அதை வைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

அப்படியானால் சாண்டர்ஸின் உழைப்பு வீணா? இல்லை. அவர் எண்ணிய கால்கள் அப்படியே இருக்கின்றன. வரைந்த படங்கள் இருக்கின்றன. வைத்த பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இருந்ததால்தான், பின்னால் வந்தவர்கள் "இந்தப் பிராணியைப் பற்றித்தான் பேசுகிறோம்" என்று குழப்பம் இல்லாமல் வாதாட முடிந்தது. முகவரி திருத்தப்பட்டது. வீடு இடியவில்லை.

சேறு சாட்சி சொன்னது

"எல்லாம் சரி. ஆனால் இதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

1969-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந்தேதி. சாண்டர்ஸ் அப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உட்ஸ் ஹோல் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே, வெஸ்ட் பால்மவுத் கரையில், 'புளோரிடா' என்ற எண்ணெய்ப் படகு பாறையில் மோதியது. டீசல் போன்ற எண்ணெய், ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர், கடலில் கொட்டியது.

மீன்களும் நண்டுகளும் சிப்பிகளும் செத்துக் கரை ஒதுங்கின. சில நாட்கள் போயின. தண்ணீரின் மேல் எண்ணெய் தெரியவில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு, ஆபத்து நீங்கிவிட்டது என்றே தோன்றும்.

சாண்டர்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் கரையில் நின்று பார்க்கவில்லை. பழையபடி சேற்றை அள்ளினார்கள். சல்லடையில் அலசினார்கள். எண்ணினார்கள். மாதாமாதம், ஆண்டுக்காண்டு எண்ணினார்கள்.

கணக்கு வேறு கதை சொன்னது. எண்ணெய் போய்விடவில்லை. சேற்றுக்குள் இறங்கியிருந்தது. அதிகமாக எண்ணெய் படிந்த இடங்களில் அடிவாழ் உயிர்கள் அநேகமாக அடியோடு அழிந்திருந்தன. முதலில் மடிந்தவற்றில், குழாய் போன்ற கூடு கட்டி வாழும் சின்னஞ்சிறு ஓட்டுப் பிராணிகளும் உண்டு. அவை இருந்த இடத்தில் கேப்பிடெல்லா என்ற ஒரு புழு மட்டும் லட்சக்கணக்கில் பெருகியிருந்தது. வயலில் பயிர் செத்துக் களை மண்டுவது போல!

அந்தப் புழுவிலும் ஒரு பாடம் இருந்தது. உலகம் முழுவதும் உள்ள அந்தப் புழு ஒரே இனம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஜூடித் கிராஸிலும் பிரடெரிக் கிராஸிலும் அதைக் கவனமாக ஆராய்ந்து, அது ஒன்றல்ல, குறைந்தது ஆறு இனங்கள் என்று 1976-ல் அறிவித்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று. முட்டையிடுவதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் வெவ்வேறு. ஆறு பேரை ஒருவர் என்று எழுதினால் ஜனத்தொகைக் கணக்கு என்ன ஆகும்?

அந்த எண்ணெயின் மிச்சம், 30 ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் வெஸ்ட் பால்மவுத் சதுப்பு நிலத்தின் சேற்றில் இருந்தது.

நம் பதில் இதுதான்

சேற்றில் யார் யார் குடியிருந்தார்கள் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான், யார் யார் செத்தார்கள் என்று சொல்ல முடிந்தது. பெயர் தெரியாமல் இருந்திருந்தால், "ஏதோ சில பூச்சிகள் செத்தன" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த வார்த்தையை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. நஷ்டத்தைக் கணக்கிட முடியாது. கடல் எப்போது குணமாயிற்று என்றும் சொல்ல முடியாது.

வாடகைச் சீட்டில் பெயர் இல்லாதவர் வீட்டைக் காலி செய்தால் கேட்பார் இல்லை. உயிர்களின் கதையும் அதுதான்.

இந்தச் சிறு பிராணிகள் கடலின் அடுப்பங்கரையில் வேலை செய்பவை. செத்ததையும் மக்கியதையும் தின்று, அழுகலைக் குறைப்பவை. மீன் குஞ்சுகளுக்குத் தாங்களே உணவாகிறவை. ஹட்சின்ஸோனியெல்லாவை யாரும் குழம்பு வைக்கப் போவதில்லை. ஆனால் குழம்பில் விழும் மீனுக்குப் பின்னால் பெயர் தெரியாத பல உயிர்களின் உழைப்பு இருக்கிறது.

அரிசி விலை குறையுமா என்று கேட்டவருக்கு நாம் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். குறையாது. ஆனால், கணக்குப் பிள்ளை இல்லாத கடையில் திருட்டுப் போனால் தெரியாது. இந்தப் பெயர் வைக்கும் விஞ்ஞானிகள் இயற்கையின் கணக்குப் பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் செலவல்ல.

ஆனால், இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்று விஞ்ஞானிகளே பல நாடுகளில் கவலைப்படுகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். இதில் பெரிய விளம்பரம் இல்லை. ஓர் இரவில் புகழ் வராது. கழுத்து வலிக்கக் குனிந்து உட்கார வேண்டும். மரபணுவைப் படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன, உண்மை. ஆனால், இயந்திரம் எழுத்தைத்தான் படிக்கும். அது எந்த உடலின் எழுத்து என்று சொல்ல, உடலைப் பார்த்து அறிந்தவர் ஒருவர் வேண்டும்.

சர்க்காரும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. மாதிரி உடல்களைக் காக்கும் மியூசியங்களைத் தூசி படியும் கிடங்குகளாக விட்டுவிடக்கூடாது. ஒரு பாட்டிலைத் தொலைத்தால் ஒரு முத்திரைக் கல் தொலைந்த மாதிரி. இந்த வேலை கற்க வரும் இளைஞர்களுக்கு, படித்து முடித்த பின் உத்தியோகம் இருக்க வேண்டும். "பூச்சி படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டார் கேட்டால், அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. செலவில்லாதது.

மழைக்காலத்தில் நம் குழந்தை தேங்கிய தண்ணீரில் எதையோ பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன?" என்று ஓடி வரும். "சீ, சேற்றில் கை வைக்காதே!" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் வார்த்தை. கையைக் கழுவச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். "எத்தனை கால் இருக்கிறது, எண்ணு பார்க்கலாம்!" என்று கேளுங்கள்.

ஹோவர்ட் சாண்டர்ஸ் செய்ததும் அதுதான். குனிந்து பார்த்தார். கால்களை எண்ணினார்.